படிப்பு நின்ற இடத்திலிருந்து
(நாகர்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதல் மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது, மறுநாள் நாளிதழில் படம் இருக்கிறது. படிப்பு பாதியில் நின்றுபோனவனுக்கு என்ன இருக்கிறது? அவனுக்காக ஒரு கூட்டம் நடப்பதில்லை. ஒரு கல்லூரியும் அவன் பெயரைத் தன் ஆண்டு மலரில் போடுவதில்லை. இன்று அவனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர் மறுபடியும் பட்டப் படிப்புக்குத் திரும்பி வருவது எப்படி? அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன? இதுதான் என் பொருள்.

நம் மாவட்டம் படிப்பால் பெயர் பெற்ற மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியாயிற்று. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-இல் வந்தது. அகஸ்தீஸ்வரத்திலும் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் 1960-களில் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. பனையேறியவர்களும் வலை இழுத்தவர்களும் ரப்பர் பால் வெட்டியவர்களும் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மண் இது. இங்கே ஒரு பிள்ளை கல்லூரியில் சேர்ந்தால் அது அந்த வீட்டின் செய்தி மட்டுமல்ல, அந்தத் தெருவின் செய்தி.

தமிழ்நாடும் அப்படித்தான். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் 28.4 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உள்ளே போனவர்களை எண்ணினோம். பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர்களை யார் எண்ணினார்கள்? மூன்று ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது?

நம் ஊரில் ஒரு மாணவன் எப்படி வெளியேறுகிறான்? அமெரிக்காவில் பல்கலைக்கழகம் கடிதம் எழுதி வெளியேற்றுகிறது. இங்கே பெரும்பாலும் அப்படி ஒரு கடிதமே வருவதில்லை. படிப்படியாக நடக்கிறது. முதல் பருவத்தில் இரண்டு பாடத்தில் தவறி இரண்டு அரியர் விழுகிறது. வீட்டில் சொல்ல முடியவில்லை. அடுத்த பருவத்தில் மூன்று சேர்ந்து ஐந்தாகிறது. வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் வகுப்புக்குப் போவது குறைகிறது. வருகைப் பதிவு 75 விழுக்காடு இருந்தால்தான் தேர்வு. கொஞ்சம் குறைந்தால் காண்டனேஷன் என்ற கட்டணம் கட்டி எழுதலாம். மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மறுபடியும் படிக்க வேண்டும். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். அங்கேதான் அவன் நின்றுவிடுகிறான். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. ஒரு நாள் டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் வாங்குகிறான், அல்லது அதைக்கூட வாங்காமல் போகிறான்.

அவன் சோம்பேறியா? சற்று எண்ணிப் பாருங்கள். கடற்கரை ஊர் ஒன்றில் தகப்பன் கடலுக்குப் போய்க் கை முறிந்து கிடக்கிறார். மூத்த மகன் வள்ளத்தில் ஏறாமல் என்ன செய்வான்? மேற்கே ஒரு வீட்டில் தாய் அண்டி ஆபீசுக்கு, முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறாள். அவளுக்கு உடம்பு முடியாமல் போனால் அடுப்பங்கரையும் தம்பி தங்கைகளும் மகள் தலையில்தானே விழும்? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலமாக இருப்பதைக் கண்டு திகைத்துப் போவதில்லையா? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பொறியியலில் தள்ளிவிட்ட பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால், அது அந்தப் பிள்ளையின் குற்றமா? படிக்காமல் சுற்றித் திரிந்து கெட்டவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. பதினெட்டு வயதில் சுற்றித் திரிந்தவன் இருபத்திரண்டு வயதில் திருந்தி வந்தால், அவனுக்கும் நாம் வழி சொல்ல வேண்டாமா?

பெரிய நிறுவனங்களிலும் படிப்பு இப்படி நின்றுபோகிறது. 2015-இல் ரூர்க்கி ஐ.ஐ.டி. முதலாண்டு மாணவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை மதிப்பெண் குறைவு என்று வெளியேற்றியது. நாட்டிலேயே கடினமான நுழைவுத் தேர்வில் வென்று வந்தவர்கள் அவர்கள். பெற்றோர்கள் வாசலில் வந்து அழுதார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பிறகு நிறுவனமே அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு அளித்தது. அத்தனை பெரிய தேர்வில் வென்ற மூளை ஓராண்டில் மழுங்கிப் போயிருக்குமா? அந்த ஓராண்டில் என்னவோ தவறிற்று. தவறியது ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டை ஒரு மனிதனின் முழு வாழ்வுக்கும் தீர்ப்பாக எழுதலாமா?

நாஞ்சில் நாட்டில் கேட்கிறேன், தோவாளையும் பூதப்பாண்டியும் சுசீந்திரமும் அறிந்த ஊரில் கேட்கிறேன். கன்னிப்பூ நெல் விளைச்சல் பொய்த்துவிட்டால் வயலை விட்டுவிட்டு யாராவது போனதுண்டா? அடுத்த போகமான கும்பப்பூவுக்கு நாற்றுப் பாவுகிறோம். நிலத்துக்குக் கொடுக்கும் மறுவாய்ப்பை நம் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டோமா?

இனி, வெளிநாட்டில் இதற்கு என்ன வழி கண்டார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியெட் என்ற ஊரில் 1901-இல் ஒரு சிறு கல்லூரி தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை ஊரிலேயே, குறைந்த செலவில் தர வேண்டும் என்பது நோக்கம். அதிலிருந்து பிறந்ததுதான் சமுதாயக் கல்லூரி. கலிபோர்னியா மாநிலம் 1960-இல் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்கு இன்னொன்று. மற்ற எல்லாருக்கும் சமுதாயக் கல்லூரி. அதோடு நிற்கவில்லை. அந்தச் சமுதாயக் கல்லூரியில் நன்றாகப் படித்தவர் நேராகப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர இடமும் வைத்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் சமுதாயக் கல்லூரிக்குப் போகிறார். இரண்டு மூன்று பாடம் எடுக்கிறார். நல்ல மதிப்பெண் வாங்குகிறார். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போது என்னைப் பாருங்கள்" என்று பழைய பல்கலைக்கழகத்தின் முன்போ வேறொன்றின் முன்போ போய் நிற்கிறார். அவர் கருணை கேட்கவில்லை. சான்று காட்டுகிறார்.

கிரெய்க் வென்டர் என்ற அறிவியலாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த பெருமுயற்சியில் ஒரு பக்கத்தை நடத்தியவர். 2000-ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்க அதிபர் கிளின்டனின் பக்கத்தில் நின்று அதை உலகுக்கு அறிவித்தவர். பள்ளியில் அவர் மோசமான மாணவர். கடற்படையில் மருத்துவ உதவியாளராக வியட்நாம் போனார். திரும்பி வந்து சேர்ந்த இடம் எது? சான் மத்தேயோ என்ற ஊரின் சமுதாயக் கல்லூரி. அங்கிருந்து சான் டியேகோவிலுள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1972-இல் பட்டம், 1975-இல் முனைவர் பட்டம். அந்தச் சமுதாயக் கல்லூரி அன்று, "உன் பள்ளி மதிப்பெண் போதாது, போய் வா" என்று சொல்லியிருந்தால்?

அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும்? கும்பகோணத்துக்கு வாருங்கள். சீனிவாச ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கினார், மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-இல் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வு எழுதினார், தவறினார். 1907-இல் மறுபடியும் எழுதினார், மறுபடியும் தவறினார். அந்தக் காலத்துக் கணக்கில் அவர் படிப்பு அங்கே முடிந்தது. பட்டமில்லை, வேலையில்லை, பல நாள் நல்ல சாப்பாடும் இல்லை.

ராமானுஜனின் கதையில் எல்லாரும் கேம்பிரிட்ஜையும் கணித அறிஞர் ஹார்டியையும் சொல்வார்கள். நான் அதற்கு முந்தைய ஆண்டுகளைச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியவர்கள் யார்? இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசுவாமி ஐயர், அவருடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே நாராயண ஐயர் என்ற மேலதிகாரி அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே உரிய தொகை அது. எஃப்.ஏ.கூடத் தேறாதவருக்காக விதியைத் தளர்த்தினார்கள். எந்தப் பல்கலைக்கழகம்? 1907-இல் அவரைத் தேறாதவர் என்று எழுதிய அதே பல்கலைக்கழகம்! ஆறே ஆண்டுகளில் தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொண்டது. அந்தத் துணிவுக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ராமானுஜன் மேதை. மேதைக்காக விதியைத் தளர்த்தினார்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் மேதைகள் அல்லர். மேதைகளாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பி.காம். முடித்து ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்க விரும்பும் சாதாரணப் பிள்ளை, திரும்பி வருவதற்கு ஒரு ராமச்சந்திர ராவைத் தேடி அலைய வேண்டுமா? மேதைக்குப் பெரிய மனிதர்கள் போதும். சாதாரண மாணவனுக்கு அமைப்பு வேண்டும். தனிமனிதரின் தயவு எல்லாருக்கும் கிடைக்காது. விதியாக எழுதி வைத்த வழி எல்லாருக்கும் கிடைக்கும்.

இந்தியாவில் அந்த அமைப்பு இல்லையா? தொடங்கினோம். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று வந்தது. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். பள்ளியில் நின்றவர், கல்லூரியில் நின்றவர், ஏழைப் பெண்கள் என்று யாரும் சேரலாம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், நேரடிப் பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் என்று பாடத்திட்டம் வகுத்தார்கள். 2002-இல் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு ஏற்பளித்தது. எத்தனையோ பேருக்கு அது சோறு போட்டது. ஆனால் நம் சமுதாயக் கல்லூரி வேலைக்கு வழி காட்டியதே தவிர, பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியாக வளரவில்லை. கலிபோர்னியாவில் எழுதி வைத்த அந்த மூன்றாம் ஆண்டு இடம் இங்கே எழுதப்படவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் இன்று திரும்பி வர வழியே இல்லையா? இருக்கிறது, மக்களே! நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் கோணத்துக்குப் போய்ப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. நான்கும் நடந்து போகும் தூரத்தில். பொறியியல் முதலாண்டில் நின்றவன், தன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு ஆண்டில் டிப்ளமோ. டிப்ளமோ முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். மொத்தம் ஐந்து ஆண்டு. நடுவே டிப்ளமோ என்ற ஒன்று கையில் இருக்கிறது; பணமில்லாமல் போனால் அதைக் கொண்டு வேலைக்கும் போகலாம். அமெரிக்காக்காரன் சமுதாயக் கல்லூரி என்று சொல்வதை நாம் பாலிடெக்னிக் என்ற பெயரில் வைத்திருக்கிறோம். இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

கலை, அறிவியல் படித்தவர்களுக்கு? பழைய கல்லூரியிலேயே மறுசேர்க்கை கேட்கலாம். முதல்வரிடம் விண்ணப்பம் கொடுத்து, பல்கலைக்கழக அனுமதியோடு விட்ட பருவத்திலிருந்து தொடரலாம். அது முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புப் பெற்ற படிப்பானால், அந்தப் பட்டமும் நேரில் படித்த பட்டமும் சமம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு கேட்பதில்லை. நான்கு வாரம் படிக்க வைத்து, அதிலிருந்து தேர்வு வைத்து எடுக்கிறார்கள். நடுவில் நின்றால் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் தருகிறார்கள். பெரிய நிறுவனமே, "உள்ளே வந்து நிரூபி" என்று சொல்லத் தொடங்கிவிட்டது.

எச்சரிக்கையும் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல் நேராகப் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். அடிப்படைப் படிப்பு இல்லாமல் பெற்ற பட்டம் செல்லாது என்று 2009-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம்: இந்த வரிசை முக்கியம். இன்னொன்று. கல்லூரியை விட்டுப் போகும்போது உங்கள் அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். மீதி ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் எங்கேயும் சேர முடியாது. தேறிய பாடங்களின் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள். ஐந்தில் மூன்று தேறியிருந்தால் அந்த மூன்றும் உங்கள் உழைப்பு.

கொரோனாக் காலத்தில், 2020-இல், அரியர் வைத்திருந்தவர்களைத் தேர்வில்லாமலே தேர்ச்சியாக அறிவித்தார்கள். மாணவர்கள் கொண்டாடினார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் போனது. நான் அந்த வழியைக் கேட்கவில்லை. எழுதாத தேர்வில் தேர்ச்சி கேட்கவில்லை. இலவச மதிப்பெண் கேட்கவில்லை. எழுத ஒரு மேசையும், எழுதுவதற்குமுன் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரும் கேட்கிறேன். காலவரம்பு கடந்தவர்கள் அரியர் எழுத அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்புகள் அளித்திருக்கிறது. நல்லது. ஆனால் பத்தாண்டு கழித்துத் தேர்வுக் கூடத்தை மட்டும் திறந்துவிட்டால் போதுமா? மறந்துபோன பாடத்தை யார் சொல்லித் தருவது?

ஆகவே கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது. நின்றுபோன மாணவர்களின் பட்டியலை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வா, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மாலை வேளையில் வகுப்பறைகள் சும்மாதானே கிடக்கின்றன? கணக்கு, ஆங்கிலம், அரியர் அதிகம் விழும் பாடங்கள் இவற்றுக்கு ஒரு மாலை வகுப்பு நடத்துங்கள். பல்கலைக்கழகத்துக்கும் சொல்கிறேன். எங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இம்மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. வேறு கல்லூரியில் தேறிய பாடத்தை ஏற்பது எப்படி, எத்தனை ஆண்டுக்குள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒட்டுங்கள். தேறிய பாடங்களின் கணக்கைச் சேமித்து வைக்கும் வங்கி என்று 2021-இல் மானியக் குழு விதி செய்தது. அந்தக் கணக்கை எப்படித் திறப்பது என்று கிராமத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோர்களே, கல்யாண வீட்டில் யாராவது, "உங்க மகன் இப்ப எங்க படிக்கான்?" என்று கேட்டால் தலைகுனியாதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் எத்தனையோ பிள்ளைகள் வீட்டை விட்டே போகிறார்கள். படிப்பு நின்றது என்று பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சோறு போட்டு உட்கார வைத்து, எங்கே தடுக்கிற்று என்று கேளுங்கள். பிள்ளை உயிரோடும் மானத்தோடும் வீட்டில் இருந்தால், பட்டம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

கடைசி வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். திரும்பி வரும்போது பழைய வழக்கத்தோடு வராதீர்கள். எது தடுத்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். பாடம் பிடிக்கவில்லையென்றால் பாடத்தை மாற்றுங்கள். பணம் இல்லையென்றால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மூச்சில் எல்லா அரியரையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இந்தப் பருவத்தில் இரண்டு, அடுத்த பருவத்தில் இரண்டு. தேறிய ஒவ்வொரு பாடமும் நீங்கள் யார் என்பதற்குப் புதிய சான்று.

இந்த மாவட்டம் பள்ளிக்கூடம் கட்டியது, கல்லூரி கட்டியது, எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கு முன்னால் நின்றது. இனி அடுத்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: நின்றுபோன பிள்ளையைத் திரும்ப அழைத்து வருவது. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தெருவில் படிப்பை விட்ட ஒரு பிள்ளையின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சேர்க்கை தொடங்குமுன் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கல்லூரி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.